புதுப்பிப்பு: ஆஸ்டின் பக்கம் பார்பிக்யூ எங்கே சாப்பிடலாம்?

டெக்சஸில் இருக்கும் ஆஸ்டினில் பார்பிக்யூவுக்கு, அதாவது விறகுப் புகையில் வெந்த கறிக்கு, எங்கே போகலாம் என்று கேட்டிருந்தேன், பாதிப் பேர் ஆஸ்டினிலேயே இருக்கும் ஃபிராங்க்ளின் கடை என்றும் மீதிப் பேர் லாக்ஹார்ட் ஊருக்குப் போங்க என்றும் சொன்னீர்கள். இரண்டும் ஆச்சு.

ஃபிராங்க்ளின் திறப்பது 11 மணிக்கு, ஆனால் மடக்கு நாற்காலியோடு காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) அருமை, மறுக்கவே முடியாது, ஆனாலும் அவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது.

என் ஓட்டு தெற்கே சுமார் 50 கிமீ தள்ளியிருக்கும் லாக்ஹார்ட்டுக்குத்தான். அங்கே ஸ்மிட்டீஸ் கடையில் நுழைந்ததுமே காலுக்குப் பக்கத்தில், தரையிலேயே ஓக் விறகு எரிந்துகொண்டிருக்கும், புகையில் கண் கரிக்கும், அதைத் தாண்டிப் போய்த்தான் கறி வாங்க வேண்டும்; தட்டெல்லாம் கிடையாது, காகிதத்தில் வைத்துத் தருவார்கள். மேலே கரிக்கட்டையாய்க் கறுத்திருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள், உப்பும் மிளகும் புகையும் ஏறிய அந்த ஓரத்தில்தான் ருசியே. கொழுப்புள்ள பக்கமாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், லெக்சிங்டன் ஊரிலுள்ள ஸ்னோஸ் பார்பிக்யூ கடை பற்றிக் கேட்டவருக்கு: சனிக்கிழமை மட்டும்தான், காலை 8 மணிக்கே திறந்துவிடுவார்கள். மாட்டுக்கறி வேண்டாம் என்பவர்கள் ஃபிராங்க்ளினில் வான்கோழி வாங்கலாம்.