பழைய கிரிட்டில் இருந்து எஸ்எல்டி 99: 300,000 கூட்டினால் போதுமா?

வல்லிபுரத்தான்
நேற்று இன்னொரு இழையில் தியத்தலாவைக்காரர் ஐயா தீர்ப்பு வழங்கியிருந்தார். கண்டவல டேட்டத்தில் (ஆள்கூறுகளுக்கு அடிப்படையாக வைத்த பழைய பூமி மாதிரியில்) உள்ள பழைய இலங்கைக் கிரிட் (வரைபடக் கட்டவலை) ஆள்கூறுகளை 1999 இன் புதிய இலங்கை டேட்டமான எஸ்எல்டி 99 க்குக் கொண்டுபோக மென்பொருளே வேண்டாமாம். கிழக்கு எண்ணிலும் வடக்கு எண்ணிலும் 300,000 மீட்டர் கூட்டினால் எல்லா வேலைக்கும் போதுமாம். வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பழைய கிரிட்டின் ஆதிப்புள்ளிக்கு (அளவு தொடங்கும் இடத்துக்கு) 200,000, 200,000 என்றும் புதியதில் 500,000, 500,000 என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள், சரி. அது எண் வைத்த விதம் மட்டும்தான். எஸ்எல்டி 99 ஜிபிஎஸ் கொண்டு அளந்து புதிதாகச் சரிக்கட்டிய அளவைப் புள்ளிகளின் வலை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஈபிஎஸ்ஜி 5234 (பழைய கிரிட்டின் குறியெண்) இல் இருந்து 5235 (புதியதின் குறியெண்) க்கு ஒரு புள்ளியை மாற்றிப் பாருங்கள். வித்தியாசம் 300,000 ஆக வராது. இரண்டு மீட்டர் அளவு விலகும். எங்கள் ஊரில் இரண்டு மீட்டர் என்றால் இரண்டு தலைமுறைக்கு வழக்கு நடக்கும்.

தியத்தலாவைக்காரர்
தம்பி, எந்தப் புள்ளியை மாற்றிப் பார்த்தீர்? பீதுருதலாகல உச்சியை மாற்றிப் பாரும். 200,000, 200,000 என்று கொடுத்தாலும் உமது கியூஜிஐஎஸ் 500,000 தராது, அங்கேயும் இரண்டு மீட்டர் அளவு தள்ளித்தான் தரும். அந்த மலைதான் இரண்டு கிரிட்டுக்கும் ஆதிப்புள்ளி. 1999 இல் மலை எழும்பி நடந்ததோ? மென்பொருள் ஏன் பிழைக்கிறது என்று தெரியுமா? அது நேரே போவதில்லை. கண்டவலவில் இருந்து முதலில் ஜிபிஎஸ் பாவிக்கும் உலக டேட்டமான டபிள்யூஜிஎஸ் 84 க்குப் போகிறது. அதற்கு அது எடுப்பது −97, 787, 86 என்ற மூன்று எண், மூன்று அச்சிலும் எத்தனை மீட்டர் நகர்த்துவது என்பது. மூன்றே மூன்று நிலையங்களை வைத்துக் கணித்தவை, ஒவ்வொன்றிலும் 20 மீட்டர் கூடக் குறையலாம். பிறகு ஏழு எண் (மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, ஒரு அளவு மாற்றம்) கொண்ட இன்னொரு மாற்றத்தால் எஸ்எல்டி 99 க்குத் திரும்பி வருகிறது. இருபது மீட்டர் சந்தேகம் உள்ள வழியால் போய் வந்து என் 300,000 இல் இரண்டு மீட்டர் பிழை பிடிக்கிறீர். நான் தியத்தலாவையில் நில அளவை படித்தவன். பொத்தானை அமத்திப் பழகியவன் இல்லை.

வல்லிபுரத்தான்
ஆதிப்புள்ளியில் 300,000 சரியாக வரும் என்பது எனக்கும் தெரியும் ஐயா. ஆதிப்புள்ளிக்கு எண்ணை வைத்ததே அவர்கள்தான், அங்கே சரி வராமல் எங்கே வரும்? நான் கேட்பது பருத்தித்துறை. மலையில் இருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. பழைய முக்கோண வலை நிலையத்துக்கு நிலையம் கோணம் அளந்து நீட்டிக்கொண்டு வந்தது. அந்த வலை அவ்வளவு தூரமும் கொஞ்சம்கூட இழுபடாமல் சுருங்காமல் வந்ததா? 300,000 கூட்டினால் பழைய வலையின் பிழை எல்லாம் அப்படியே புதிய கிரிட்டுக்குள் வந்து உட்காரும். அதற்குப் பெயர் மாற்றம் இல்லை.

களப்புக்கரை
இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும், எனக்கு வேறு சிக்கல். கற்பிட்டியில் அளந்த எஸ்எல்டி 99 புள்ளிகளை டபிள்யூஜிஎஸ் 84 க்கு மாற்றிச் செய்மதிப் படத்தின் மேல் போட்டேன். எல்லாம் ஏறத்தாழ 200 மீட்டர் மேற்கே தள்ளி நிற்கின்றன. கரையோரக் கல் ஒன்று கடலுக்குள் நிற்கிறது. ஏழு எண்ணையும் நானே கையால் அடித்தேன்.

வல்லிபுரத்தான்
சுழற்சியின் குறியைப் பாருங்கள் தம்பி. ப்ரோஜ் என்ற ஆள்கூறு மாற்றும் மென்பொருள் நூலகத்தில் 5235 க்கு 0.195704, 1.695068, 3.473016 செக்கன் (பாகையின் 3600 இல் ஒரு பங்கு) என்று மூன்று சுழற்சியும் நேர்க்குறியில்தான் இருக்கின்றன. சில மென்பொருள்கள் அச்சைச் சுழற்றும், சில புள்ளியைச் சுழற்றும். நீங்கள் தெரிவு செய்தது மற்ற முறை என்றால் குறி தலைகீழாகும். மூன்றாவது சுழற்சி மட்டும் பூமியின் இந்த ஆரத்தில் நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தும், குறி மாறினால் அது இரட்டிப்பு. இதற்குத்தான் மென்பொருளைப் படிக்க வேண்டும் என்கிறேன். 300,000 கூட்டுகிறவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

தியத்தலாவைக்காரர்
குறி, குறி என்று பயமுறுத்தாதீர். டேட்டம் மாற்றமே நடக்காமல் அகலாங்கு நெட்டாங்கை அப்படியே போட்டாலும் மேற்கே 220, 230 மீட்டர் தள்ளித்தான் விழும். அந்தப் பிள்ளையின் மென்பொருள் ஏழு எண்ணையும் எடுக்கவே இல்லையோ தெரியாது. படத்தில் சரியாக அளந்து பார்க்காமல் வியாதி சொல்லுகிறீர். 300,000 கூட்டும்போது குறியும் இல்லை, செக்கனும் இல்லை, பிழைக்க இடமும் இல்லை.

வல்லிபுரத்தான்
டபிள்யூஜிஎஸ் 84 க்குப் போகக் கேட்டவருக்கு 300,000 எதற்கு? அவர் கேட்டது ஒன்று, நீங்கள் சொல்வது வேறு. எங்கு போனாலும் அந்த ஒரு எண்தான்.

கண்டிவீதி
1:50,000 ஷீட்டில் ஒரு மில்லிமீட்டர் 50 மீட்டர். இரண்டு மீட்டர் பேனாக் கோட்டுக்குள் மறைந்துவிடும். பழைய ஷீட்டில் குளமும் வீதியும் பார்க்கிறவனுக்கு ஐயா சொல்வது போதும். எதற்கு இவ்வளவு சத்தம்?

வல்லிபுரத்தான்
குளம் பார்க்கிறவர் பார்த்துவிட்டுப் போகட்டும். ஐயா 'எல்லா வேலைக்கும் 300,000' என்று எழுதினார். 'எல்லா' என்ற சொல்லை நான் விடமாட்டேன். காணி எல்லைக்குச் செய்ய வேண்டியது இதுதான்: பழைய மதிப்பும் புதிய மதிப்பும் உள்ள கட்டுப்பாட்டுப் புள்ளிகளைச் சுற்றவர எடுத்து, அந்த இடத்துக்கென்று ஒரு மாற்றத்தைக் கணித்து, கணக்கில் சேர்க்காத ஒரு புள்ளியில் சரிபார்க்க வேண்டும். எச்சம், அதாவது அங்கே மிஞ்சும் வித்தியாசம், எவ்வளவு என்று தாளில் எழுத வேண்டும். 300,000 இல் எச்சம் எங்கே? கூட்டியவருக்கே தெரியாது.

தியத்தலாவைக்காரர்
கட்டுப்பாட்டுப் புள்ளிகளை எடுக்கட்டாம். அந்தக் கற்கள் எத்தனை இன்று மண்ணில் இருக்கின்றன என்று போய்ப் பார்த்தீரா? பல்கலைக்கழகத்தில் குளிரூட்டிக்குக் கீழே இருந்து படித்தவர்களுக்குக் கல் தேடிப் பற்றைக்குள் போன அனுபவம் இருக்காது.

வல்லிபுரத்தான்
பெலிஹுல்ஓயாவில் படித்ததற்காக நான் வெட்கப்படவில்லை. பற்றைக்குள் நானும் போயிருக்கிறேன், கண்ணிவெடிப் பலகை போட்டிருந்த காலத்தில். ஐயாவின் அலுவலக மென்பொருளுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று நான் கேட்டேனா? நான் பாவிக்கிறது இலவச மென்பொருள், எந்த எண்ணை எடுக்கிறது என்று திறந்து பார்க்கலாம்.

தியத்தலாவைக்காரர்
அனுமதிப்பத்திரக் கதையை இங்கே ஏன் இழுக்கிறீர்? களவெடுத்தேன் என்கிறீரா? நேரே சொல்லும்.

கண்டிவீதி
ஆர்டிகே (சென்ரிமீட்டர் அளவுக்குத் துல்லியமான ஜிபிஎஸ் கருவி) வாங்கினால் இந்தச் சண்டையே வராது.

வல்லிபுரத்தான்
ஆர்டிகே உங்களுக்குத் தருவது இன்றைய புள்ளி. பழைய பிளானில் எழுதியிருக்கிற ஆள்கூறை அது எப்படி மாற்றும்? அதற்கும் இதே கணக்குத்தான்.

களப்புக்கரை
முறையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், கல் இன்னும் கரைக்கு வரவில்லை. வேறு என்ன பார்க்க வேண்டும்?

தியத்தலாவைக்காரர்
அந்தப் பிள்ளைக்கு நாளைக்குச் சொல்லுவோம். வல்லிபுரத்தான், முதலில் எனக்குப் பதில் சொல்லும். களவு என்று யாரைச் சொன்னீர்?