டிராலியில் தேதி தெரியாத மருந்துகள்: எதைக் கொடுக்கலாம், எதை ஒதுக்கணும்?

புதுவரவு:
வணக்கம். திருச்சியிலிருந்து வந்து இங்கே சிங்கப்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். மருந்து டிராலியைச் சரிபார்க்கும் வேலை இப்போது என் தலையில். தேதி முடிந்தது கண்ணில் பட்டால் எடுத்துவிடுகிறேன், அதில் சிக்கல் இல்லை. ஒரு தாத்தாவின் கண் சொட்டு மருந்துப் பெட்டியில் 2027 வரை தேதி இருக்கிறது. பாட்டிலோ திறந்திருக்கிறது, என்றைக்குத் திறந்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. ஒரு பாட்டியின் மாத்திரை அட்டையில் தேதி இருந்த பக்கத்தையே வெட்டிவிட்டார்கள். இன்னொன்றில் இந்த மாதமும் வருடமும் மட்டும். ஒன்றாம் தேதியே முடிந்ததாகக் கணக்கா? இன்சார்ஜ் சிஸ்டர் லீவில் இருக்கிறார்.

பழைய சிஸ்டர்:
தங்கச்சி, மாசமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தா அந்த மாசக் கடைசி நாள் வரை கொடுக்கலாம். கண் மருந்து அப்படியில்ல. பெட்டியில இருக்கிற தேதி சீல் உடைக்கிற வரைக்கும்தான். உடைச்சா பெரும்பாலான சொட்டு மருந்துக்கு நாலு வாரம், அதாவது 28 நாள். திறந்த தேதி தெரியலைன்னா ஒதுக்கிடு. ஆனா தாத்தாவுக்கு கிளாக்கோமான்னா, அதாவது கண் அழுத்த நோய்னா, புது பாட்டில் கைக்கு வர வழி பண்ணிட்டு ஒதுக்கு. ஒரு நாளும் சொட்டு விட்டுப்போகக் கூடாது. டிராலியைச் சுத்தமாக்குற வேகத்துல டோஸைக் கோட்டை விடுறவங்கதான் அதிகம், என்னைக் கேட்டா அதுதான் பெரிய தப்பு.

இன்சுலின் பேனாவையும் பாரு. திறக்காதது ஃப்ரிட்ஜுல 2 முதல் 8 டிகிரி. பயன்படுத்துறது பெரும்பாலும் 28 நாள், 30 டிகிரிக்கு மேல போகாம. இந்த ஊர் வெயில்ல டிராலியை ஜன்னலோரம் நிறுத்தினா அந்தக் கணக்கு செல்லாது.

மருந்தகத் தம்பி:
வெட்டின அட்டையைக் கொடுக்காதீங்க அக்கா. தேதியோட பேட்ச் நம்பரும், அதாவது எந்தத் தொகுதியில தயாரானதுங்கிற எண்ணும் போயிடுச்சு, நாளைக்கு அந்த பேட்சைத் திரும்பப் பெறச் சொன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க? நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற ஜிடிஎன் மாத்திரை இருந்தா அதையும் பாருங்க. கண்ணாடி பாட்டிலைத் திறந்தா 8 வாரம்தான், வேற டப்பாவுக்கு மாத்தவும் கூடாது.

ஒதுக்கினதை டிராலியிலேயே ஓரமா வைக்காதீங்க, நைட் ஷிஃப்ட்ல யாராவது எடுத்துக் கொடுத்துடுவாங்க. தனிப் பெட்டி, மேல பெரிய எழுத்துல 'பயன்படுத்தாதே'. மார்ஃபின் மாதிரி கடுமையான கட்டுப்பாடு உள்ள வலி மருந்துன்னா அந்தப் பெட்டியிலயும் போடாதீங்க. பூட்டின அலமாரியிலேயே இருக்கட்டும், பதிவேட்டுக் கணக்கு ஒத்துப்போகணும். சாட்சியில்லாம அழிக்கக் கூடாது.

பீஷான் மகன்:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அம்மா ஹோமில் இருக்கிறார். வீட்டில் அவருடைய பழைய மாத்திரைகள் ஒரு பை நிறைய. ஹோமில் கொடுத்துவிடலாமா?

மருந்தகத் தம்பி:
வேண்டாம் அண்ணா. தேதி முடிஞ்சதை லேபிள்ல பேரை அழிச்சிட்டு, பயன்படுத்தின தேயிலையோட கலந்து பையில கட்டி குப்பையில போடுங்க. இங்க வீட்டுக் குப்பையை எரிச்சுடுறாங்க. டாய்லெட்ல மட்டும் கொட்டாதீங்க. தேதி இருக்கிறதையும் நேரா அம்மா கையில கொடுக்காம, முதல்ல ஹோம் நர்ஸ்கிட்ட காட்டுங்க. டாக்டர் நடுவுல டோஸை மாத்தியிருக்கலாம்.

புதுவரவு:
நன்றி அக்கா, நன்றி தம்பி. தாத்தாவுக்கு கிளாக்கோமாதான். டாக்டரிடம் பேசியாச்சு, புது பாட்டில் இன்று மாலை வருகிறது. திறந்த தேதி எழுத லேபிள் ஒட்டினால் பாட்டிலில் இருக்கும் பெயர் மறைகிறதே, எங்கே ஒட்டுவீர்கள்?

பழைய சிஸ்டர்:
சின்ன லேபிளா வெட்டி, பேரும் பேட்ச் நம்பரும் இல்லாத பக்கமா பாட்டில் மேலேயே ஒட்டு. பெட்டியில ஒட்டாதே, பெட்டியைத்தான் முதல்ல தூக்கிப் போடுவாங்க. திறந்த தேதி, தூக்கிப்போட வேண்டிய தேதி ரெண்டையும் எழுது.