சுவரைப் பார்த்து "செட்" சொன்ன பையன்: காக்பிட் ஆட்களோட உங்க அனுபவம்?

செம்பூர் சித்தி:
அக்கா பையன் ரெண்டு மாசம் எங்க வீட்டுலதான் இருந்தான், ஏ320 டைப் ரேட்டிங்குக்கு, அதான் அந்த ரக விமானத்தை ஓட்டற தகுதிக்கு, படிச்சுக்கிட்டு. பெங்களூரு சிமுலேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி காக்பிட் படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு ஹால் சுவர்ல ஒட்டிட்டான். எதிர்ல எங்க டைனிங் சேர். விடியக்காலை அதுல உக்காந்து காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுவான். வேலைக்கு வர்ற மாவ்ஷி ஏதோ பூஜைன்னு நினைச்சு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் பெருக்கவே ஆரம்பிப்பாங்க.

ஒருநாள் கூடப் படிக்கிற பையன் வரலை. செக்லிஸ்ட் அட்டையை என் கைல குடுத்து, "நீங்க படிங்க சித்தி, நான் பதில் சொல்றேன்"னான். கியர் பின்ஸ் அண்ட் கவர்ஸ்? ரிமூவ்டு. சைன்ஸ்? ஆன், ஆட்டோ. பாரோ ரெஃப்? செட். நான் அடுத்த வரிக்குப் போயிட்டேன். கையைத் தூக்கி நிறுத்திட்டான். "இல்ல சித்தி, பார்க்காமலே சொல்லிட்டேன். முதல்லேர்ந்து." வெறும் காகிதம்டா, அதுல பார்க்க என்ன இருக்குன்னேன். அவன் சிரிக்கலை. நெத்தியெல்லாம் வேர்வை. அடுப்புல குக்கர் கத்துது, போய் அணைக்கக்கூட விடலை. அந்த மூஞ்சி மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

டோம்பிவிலி லோக்கல்:
சித்தி, உங்க பையன் பரவாயில்லை, வாயைத் திறந்து பேசவாவது செஞ்சான். நான் போன ஜூலைல சென்னைலேர்ந்து மும்பைக்கு ஃப்ளைட்ல வந்தேன். செம மழை. காட்கோபர் பக்கம் கூரை மேல போட்டிருக்கிற நீலத் தார்ப்பாய் எல்லாம் தனித்தனியா தெரியுது, இதோ சக்கரம் தொடப்போகுது. திடீர்னு இன்ஜின் அலறல், முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு, மறுபடி மேகத்துக்குள்ள. பக்கத்து சீட்டுப் பாட்டி என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டாங்க. காக்பிட்லேர்ந்து ஒரு வார்த்தை வரலை. அஞ்சு நிமிஷமோ ஆறு நிமிஷமோ. பாட்டி கேட்டாங்க, "தம்பி, உள்ள ஆள் இருக்காங்களா?" என்னால பதில் சொல்ல முடியலை. ரன்வேயைக் கோட்டை விட்டுட்டு முழிச்சிருக்காங்கன்னுதான் இப்பவும் நினைக்கிறேன்.

மாட்டுங்கா மாமா:
டோம்பிவிலி தம்பி, இறங்காம மறுபடி மேல ஏறிப் போறதுக்குப் பேரு கோ-அரௌண்ட், அது கோட்டை விடறது இல்லை. சான்டாகுரூஸ் ஹேங்கர்ல விமானம் ரிப்பேர் பார்த்து ரிட்டயர் ஆனவன் சொல்றேன். அந்த நேரத்துல பவர் குடுக்கணும், மூக்கைத் தூக்கணும், இறக்கைல தொங்கற ஃப்ளாப்பை ஒரு படி ஏத்தணும், விமானம் ஏறுதுன்னு பார்த்துட்டு சக்கரத்தை உள்ள இழுக்கணும், அப்புறம் திரும்பற திசை, உயரம், டவரோட பேச்சு. முதல்ல ஓட்டு, அடுத்து வழி பாரு, கடைசியாப் பேசுன்னுதான் சொல்லிக் குடுக்கறது. கடைசிலயும் கடைசி நாமதான். மும்பைல ரெண்டு ரன்வேயும் குறுக்கே வெட்டிக்கிறதால ஒரு சமயத்துல ஒண்ணுதான் ஓடும். முன்னால இறங்கினவன் ஒதுங்க லேட் பண்ணினாக்கூட உன்னை மேல அனுப்பிடுவா.

போகாம விட்டா என்ன ஆகும்னு கேளு. 2010 மே 22, மங்களூரு. கோ-அரௌண்ட் போகலாம்னு கோ-பைலட் மூணு தடவை சொல்லியிருக்கார். கேப்டன் இறக்கினார். விமானம் ரன்வே தாண்டிப் போய் 158 பேர் செத்துப் போனா. உனக்கு அஞ்சு நிமிஷம் மௌனம் பெருசாப் போச்சா?

இன்னொண்ணு, மழைல தொப்புனு இறக்கினா உடனே போனை எடுத்துத் திட்டி எழுதறேளே, அதையும் நிறுத்துங்கோ. ஈர ரன்வேல பூ மாதிரி இறக்கினா டயருக்கும் தரைக்கும் நடுவுல தண்ணி நின்னு வழுக்கும். அழுத்தி வெச்சாத்தான் பிரேக் பிடிக்கும். 2019 ஜூலை 1 ராத்திரி இதே மும்பைல ஒரு விமானம் மழைல ரன்வே தாண்டிப் போய், மெயின் ரன்வேயை நாள்கணக்கா மூடி வெச்சது மறந்து போச்சா? இறங்கறச்சே ஷூவைக் கழட்டாதீங்கோ. எமர்ஜென்சி கதவு எத்தனை சீட் தள்ளின்னு எண்ணி வெச்சுக்கோங்கோ, புகைல கண் தெரியாது, கைதான் எண்ணும். ஜன்னலைத் திறந்து வைன்னா திறந்து வைங்கோ. பையை எடுக்க நிக்காதீங்கோ.

என் அனுபவம்னா ஒண்ணே ஒண்ணு. ஒருதடவை ஜம்ப் சீட்ல, அதான் காக்பிட்டுக்குள்ள இருக்கற எக்ஸ்ட்ரா சீட்ல, உக்காந்து போனேன். கிளம்ப ரன்வேல ஓடறச்சே "வீ ஒன்"னு குரல் வந்ததும் கேப்டன் இன்ஜினுக்குப் பவர் குடுக்கற த்ரஸ்ட் லீவர்லேர்ந்து கையைச் சட்டுனு எடுத்துட்டார். அந்த வேகம் வந்தாச்சுன்னா இனிமே நிறுத்தற பேச்சே இல்லை, அதான் கைக்கு அங்க வேலை இல்லை. அந்தக் கை மட்டும் அப்பப்போ ஞாபகத்துக்கு வரும்.

டோம்பிவிலி லோக்கல்:
மாமா, ஷூவைப் பத்தி நான் கேக்கவே இல்லையே. கடைசியாப் பேசட்டும், சரி. எங்களுக்கு அந்தக் கடைசியே இறங்கி முடிச்ச பிறகுதான் வந்துச்சு. பாட்டிக்கு என்ன பதில்?

பழைய கேபின் க்ரூ:
சண்டை போதும் ரெண்டு பேருக்கும். பத்தாயிரம் அடிக்குக் கீழ காக்பிட்ல வேலை சம்பந்தமில்லாத பேச்சு கூடாது, நாங்களும் தேவையில்லாம இன்டர்போன் அடிக்கக் கூடாது. ஸ்டெரைல் நேரம்னு அதுக்குப் பேரு. 1974ல அமெரிக்காவுல சார்லட் பக்கம் பைலட்டுங்க அரட்டை அடிச்சுக்கிட்டே இறக்கினதுல ஒரு விமானம் விழுந்தது. அதுக்கப்புறம் 1981ல அங்க வந்த விதி, இப்ப பல நாட்டுலயும் இருக்கு.

நான் சேர்ந்து நாலாவது மாசம். மும்பைலேர்ந்து கிளம்பி ஏறிக்கிட்டிருக்கு, பின்னாடி கேலில, அதான் விமானத்தோட சமையல் இடத்துல, பிளாஸ்டிக் கருகற வாசனை. கை இன்டர்போன் மேல இருக்கு. எடுக்கலை. "ஸ்டெரைல் நேரம், திட்டுவாங்க"ன்னு ஒரே எண்ணம். பத்தாயிரம் தாண்டற வரைக்கும் அடுப்பு கதவையே பார்த்துக்கிட்டு நின்னேன். உள்ள ஏதோ கவர் மாட்டிக்கிட்டிருந்துச்சு, அவ்வளவுதான், ஸ்விட்சை அணைச்சோம். இறங்கினதும் கேப்டன் கூப்பிட்டார். கத்தலை. "புகை வந்தா அடிக்கத்தான்மா அந்த போன். விதி அரட்டைக்கு, இதுக்கில்லை." அந்த நாலு நிமிஷம் நான் ஏன் சும்மா நின்னேன்? வேலையை விட்டு எட்டு வருஷம் ஆச்சு, வீட்டுல தோசை கருகினாக்கூட அது ஞாபகம் வருது.

நைட் டூட்டி வண்டி:
நான் க்ரூ பிக்கப் ஓட்டுறவன், விமானத்துல வேலை பார்க்கிறவங்களை வீட்டுலேர்ந்து ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போற வண்டி. தானேல ஒரு கோ-பைலட் தம்பி, நம்ம திருநெல்வேலிப் பக்கம். ராத்திரி ரெண்டே முக்காலுக்கு ஏறினான். முலுண்ட் தாண்டினதும் மூக்கை உறிஞ்சுறான், உள்ளங்கைல ஊதி ஊதி மோந்து பார்க்கிறான். வீட்டுல இருக்கிற அவன் பாட்டிக்கு போன் போட்டான். "கஷாயத்துல என்ன போட்டீங்க?" வயித்துக்கு நல்லதுன்னு தசமூலாரிஷ்டம் ரெண்டு மூடி கலந்திருக்கு. அரிஷ்டம்னா புளிக்க வெச்சு எடுக்கிற மருந்து, ஆல்கஹால் தானா ஊறி வரும். டூட்டிக்கு முன்னாடி குழாய்ல ஊதணும், ஜீரோ காட்டணும். காட்டலைன்னா முதல் தடவையே மூணு மாசம் லைசென்ஸ் சஸ்பெண்ட். வாய் கொப்பளிக்கிற தண்ணிகூட பார்த்துத்தான் வாங்குவானாம்.

ஆபீசுக்கு போன் பண்ணி வரலைன்னுட்டான். "வண்டியைத் திருப்புங்கண்ணே." திரும்பிப் போனா பாட்டி கேட்கிட்ட ஸ்வெட்டரோட நிக்குது. தம்பி இறங்கி ஒண்ணும் பேசாம லிஃப்டுக்குப் போயிட்டான். பாட்டி என்கிட்ட வந்து, "நான் குடுத்ததாலயா?"ன்னு கேட்டுச்சு. ஏதேதோ சொன்னேன், மழை, ஃப்ளைட் கேன்சல்னு. நம்பின மாதிரி தெரியலை.

மாட்டுங்கா மாமா:
வண்டித் தம்பி, ஹோமியோபதி சொட்டு மருந்தும் அதே கதைதான், அதுவும் ஆல்கஹால்ல கரைச்சதுதான். இருமல் மருந்து வாங்கறச்சே லேபிளைப் படிக்கணும். மவுத்வாஷ்லயும்...

டோம்பிவிலி லோக்கல்:
மாமா ஆரம்பிச்சுட்டார்.

செம்பூர் சித்தி:
தனியா மெசேஜ் பண்ணிக் கேட்டவங்களுக்கு: பாஸ் பண்ணிட்டான். படம் இன்னும் எங்க சுவர்லயேதான் இருக்கு, உரிச்சா பெயின்ட்டும் சேர்ந்து வருது. மாவ்ஷி இன்னும் கும்பிடறாங்க. ஞாயித்துக்கிழமை வர்றான், அவனையே கழட்டச் சொல்லணும்.