மறு: போனஸும் ‘அரசியல் பொறுப்பும்’ – மூன்று சொல் கேட்டிருந்தேன்

எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக எல்லோரும் எழுதியதை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். காலபோக அறுவடை, வெட்டு மெசின் எப்போது வரும் என்று வரம்பில் காத்து நின்றதில் பதில் எழுத முடியவில்லை. கேள்வியைக் கிளப்பியவன் நான். இனியும் ஒளிந்திருந்தால் சரியில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: எங்கள் சிக்கன கடனுதவிச் சங்கத்து மடலுக்கு 2008 வங்கி நெருக்கடியைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறேன். வாசிக்கப்போவது பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்து அங்கத்தவர்கள். வங்கித் தலைவர்களின் பெரும் போனஸ் பற்றி எழுதும்போது மூன்று இடத்தில் பேனை நின்றது. போனஸுக்குத் தமிழ் என்ன, கொடுத்த போனஸைத் திருப்பி வாங்குவதற்கு என்ன, அதற்கு ஆட்சியாளர் ஏற்கவேண்டிய பொறுப்புக்கு என்ன.

ஒட்டுசுட்டான் ஐயா எழுதியது:

> சூடு அடித்துத் தூற்றி முடிந்ததும் பொலியிலிருந்து அள்ளிக் கொடுப்பதுதானே தம்பி போனஸ்? ‘பொலிக்கொடை’ என்று வையும். சோழர் கல்வெட்டில் வட்டிக்குப் பெயரே பொலிசை. வயலுக்கும் வங்கிக்கும் பொதுவான சொல் கைக்குள் இருக்க ஏன் அலைகிறீர்?

ஐயா, சொல் கொள்ளை அழகு. ஒரு இரவு முழுக்க அதையே வைத்திருந்தேன். விடிய எழும்பி யோசித்தால் இடிக்கிறது. பொலி என்றால் சப்பி பறந்து, மணி மட்டும் கண்முன் குவிந்து கிடப்பது. அந்த வங்கிகள் பங்குபோட்டது அதையல்ல. இருபது முப்பது வருடத்தில் திரும்பி வரவேண்டிய வீட்டுக் கடன்களைக் கட்டாகக் கட்டி விற்றார்கள். விற்ற ஆண்டே இலாபம் என்று பதிந்தார்கள். அந்த இலாபத்தைக் காட்டிப் போனஸும் எடுத்தார்கள். நெல் இன்னும் கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நிற்கிறது, பொலி எங்கே வந்தது? அதைப் பொலிக்கொடை என்று எழுதினால் களத்துச் சொல்லுக்கு நாங்கள் செய்கிற அநியாயம். தவிர, ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வருட முடிவில் வாங்குவதும் போனஸ்தான். எல்லார் வாயிலும் இருக்கிற சொல். போனஸ் போனஸாகவே இருக்கட்டும்.

இரண்டாவதற்கு ‘மீள்பறிப்பு’, ‘பிடுங்கெடுப்பு’ எல்லாம் வந்தன. ஆங்கிலச் சொல்லில் (clawback) நகம் இருக்கிறது என்பதற்காக ஒருவர் ‘உகிர்மீட்பு’ வரைக்கும் போய்விட்டார் (சிரித்தேன், மன்னிக்கவும்). வவுனியாவில் கணக்காய்வில் இருக்கிற தங்கச்சி ஒரே வரியில் முடித்துவிட்டார்: “மீள அறவிடல். எங்கள் கந்தோரில் தினமும் எழுதுகிறோம்.” சம்பளத்தில் கூடுதலாகப் போன காசை அரசாங்கம் திருப்பி எடுக்கும்போது கடிதத்தில் வருவது அந்தச் சொல்தானே. இங்கிலாந்தில் 2015 தொடக்கம் வழங்கப்படும் போனஸை, பின்னால் முறைகேடு தெரியவந்தால் ஏழு ஆண்டு வரைக்கும் மீள அறவிடலாம் என்று விதி செய்தார்கள். வாக்கியத்தில் உட்காருகிறது. போதும்.

இனித்தான் வில்லங்கம். ‘அரசியல் பொறுப்பு’ என்று போட்டால் சப்பென்று இருக்கிறது. கணக்கேட்டில் பொறுப்பு என்றால் கொடுக்கவேண்டிய கடன். ‘பொறுப்புக்கூறல்’ என்று பலர் சொன்னீர்கள். நல்ல சொல்தான், ஆனால் வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். முள்ளிவாய்க்கால், மார்ச் மாதத்து ஜெனிவா மனித உரிமைச் சபை, காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுப் பதாகை பிடித்து வீதியோரம் இருக்கிற தாய்மார். அந்தச் சொல்லை லண்டன் வங்கிக்காரரின் போனஸுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. அது மட்டுமல்ல. பொறுப்புக்கூறலில் கூறுதல்தான் முன்னுக்கு நிற்கிறது. நடந்து முடிந்த பிறகு விளக்கம் சொல்வது. எனக்கு வேண்டியது அதற்கு முந்தின இடம்.

போன ஞாயிறு சங்க மண்டபத்தில் வரைவை வாசித்துக் காட்டினேன். றோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லாந்து கதை. 2008இலும் 2009இலுமாக பிரித்தானிய அரசாங்கம் 45.5 பில்லியன் பவுண் போட்டு அந்த வங்கியைத் தூக்கி நிறுத்தியது; வங்கியில் ஏறத்தாழ 84 வீதம் மக்கள் சொத்தாகிவிட்டது. ஆனால் அந்தப் பங்குகளை நிதியமைச்சு தன் கையில் நேரடியாக வைத்திருக்கவில்லை. 2008 நவம்பரில் அதற்கென்று ஒரு கம்பனியை அமைத்து, வணிக முறையில் எட்ட நின்று பார் என்று விட்டார்கள். பிறகு போனஸ் பற்றிக் கேட்டால், அது வங்கியின் பணிப்பாளர் சபையின் விடயம் என்று சொல்ல வசதியாகப் போயிற்று.

பின் வரிசையில் ஒரு அம்மா, மடியில் பேத்தி நித்திரை. கையை உயர்த்தாமலே கேட்டார்: “வங்கி அரசாங்கத்தின்ர எண்டுறியள். அப்ப போனஸ் எடுக்க இடம் குடுத்தது ஆர்?”

அதுதான் எனக்கு வேண்டிய சொல். எடுத்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை, இடம் கொடுத்தவர் யார் என்று கேட்டார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பதில் பிடுங்கினவனைத் திட்டுவதோடு நின்றுவிடுகிறோம். சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானித்து, இடையில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் போதாமல் போனால், துருசு (மதகு) திறக்கிறவரிடமா போய்ச் சண்டை பிடிக்கிறோம்?

ஆகவே என் முன்மொழிவு: இடங்கொடைப் பொறுப்பு. தடுக்கும் அதிகாரம் கையில் இருந்தும் விட்டுக்கொடுத்தவர், அல்லது அந்த அதிகாரத்தையே வேறு கைக்கு மாற்றிவிட்டு ஒதுங்கியவர் ஏற்கவேண்டிய பொறுப்பு.

கிளிநொச்சியிலிருந்து

---

தம்பிக்கு,

சொல் பிடித்திருக்கிறது, ஆனால் உடனே தலையாட்ட மாட்டேன். ‘கொடை’ என்றால் கையை நீட்டிக் கொடுப்பது. பேசாமல் இருப்பதும் கொடையா? அடுத்தது, ஆட்சியாளர் எல்லாரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்று உங்கள் கட்டுரை சொன்னால் அது பிழை. 2009 டிசம்பரில் பிரித்தானிய நிதியமைச்சர் அலிஸ்ரெயர் டார்லிங் 25,000 பவுணுக்கு மேற்பட்ட வங்கிப் போனஸுக்கு 50 வீத வரி போட்டார். அமெரிக்காவில் அரசாங்கம் ஏறத்தாழ 80 வீதம் எடுத்துக்கொண்ட ஏஐஜி காப்புறுதி நிறுவனம் 165 மில்லியன் டொலர் போனஸ் கொடுத்தபோது, 2009 மார்ச்சில் பிரதிநிதிகள் சபை 90 வீத வரிக்கு வாக்களித்தது. அதையும் எழுதும்.

மன்னார் அக்கா

---

அக்கா,

கொடை பற்றி: ‘பிள்ளைக்கு இடங்கொடுத்துக் கெடுத்தாள்’ என்கிறோம். அந்தத் தாய் எதையும் கையால் எடுத்துக் கொடுக்கவில்லை, கண்டும் காணாமல் இருந்தாள். ஆகவே பேசாதிருப்பதும் அதற்குள் அடங்கும் என்று நினைக்கிறேன்.

டார்லிங்கின் வரியைச் சேர்த்துவிட்டேன். அமெரிக்க வரி செனற்றில் நிறைவேறாமல் கிடந்துபோனதையும் சேர்த்தேன். உங்கள் பக்கத்துக்கு வலுச்சேர்க்கிற இன்னொன்றும் இருக்கிறது: 2012 ஜனவரியில், அதே ஸ்கொட்லாந்து வங்கியின் தலைமை நிறைவேற்று அதிகாரி தனக்குக் கிடைக்கவிருந்த ஏறத்தாழ 10 இலட்சம் பவுண் பெறுமதியான பங்குகளை வேண்டாம் என்றார். எதிர்க்கட்சி பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரப் போகிறது என்றானதும் அது நடந்தது. எட்ட நிற்கிறோம் என்றவர்களின் கை எட்டாமல் இருக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2014இலிருந்து போனஸை நிலையான சம்பள அளவுக்கும், பங்குதாரர் இணங்கினால் அதன் இரு மடங்குக்கும் மட்டுப்படுத்தியது. ஒன்றியத்தை விட்டுப் போன இங்கிலாந்து 2023 ஒக்ரோபரில் அந்த வரம்பை நீக்கியது. இதில் எந்தத் திரையும் இல்லை, வெளிப்படையான இடங்கொடை.

எங்கள் நாட்டுப் பந்தி ஒன்றும் வைத்திருக்கிறேன். 2024 தொடக்கத்தில் மத்திய வங்கி தன் ஊழியர் சம்பளத்தைப் பெருமளவு கூட்டியபோது பாராளுமன்றத்தில் பெரிய கூச்சல். வங்கிக்குத் தன்னாட்சி கொடுத்த 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது அதே பாராளுமன்றம். சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் வங்கிக்குத் தன்னாட்சியே கூடாது என்று சொல்வதுபோல் வாசிக்கப்படுமோ என்று ஒரு தயக்கம். அந்தப் பந்தியை மட்டும் உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும்.

பொலிக்கொடையை நான் எறியவில்லை ஐயா. வருட முடிவில் எங்கள் சங்கம் அங்கத்தவருக்குப் பிரித்துக் கொடுக்கிற பங்கிலாபத்துக்கு அந்தப் பெயரை வைக்கலாமா என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.