டயஜெட்டிக் ஒலிக்குத் தமிழ்: காட்சியொலி, மேலொலி

அனைவருக்கும் வணக்கம்.

திரையில் காட்சிக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கும் ஒலி டயஜெட்டிக், பார்ப்பவருக்கு மட்டும் கேட்பது நான்-டயஜெட்டிக். இவற்றுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள்: அகவொலி–புறவொலி, கதையொலி–கதைசாரா ஒலி, களவொலி–பின்னணியொலி. மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. டயஜெட்டிக்குக் காட்சியொலி, நான்-டயஜெட்டிக்கு மேலொலி என்ற இணையை முன்வைக்கிறேன்.

சமூகப் பிரச்சினைகளைப் பேசும் ஒரு நிமிட, இரண்டு நிமிட வீடியோக்களுக்குத்தான் இந்தப் பாகுபாடு மிகவும் தேவை. பாதாளச் சாக்கடைக்குள் ஒருவர் இறங்குகிறார். இரும்பு மூடி தரையில் உரசும் சத்தமும் மேலே நிற்பவர் கூப்பிடும் குரலும் உள்ளே இருப்பவருக்கும் கேட்கும். கூடவே ஓடும் சோக வயலின் அவருக்குக் கேட்காது, நமக்கு மட்டும்தான். மூடியின் சத்தம் நடப்பதற்குச் சாட்சி. வயலின், நாம் என்ன உணர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இரண்டுமே பார்ப்பவரை நம்பவைக்கின்றன, ஆனால் வேறு வேறு விதமாக. இதைப் பிரித்துச் சொல்ல வார்த்தை இல்லாததால் ‘மியூசிக் உருக்கமாக இருந்தது’ என்பதோடு நம் விமர்சனம் முடிந்துவிடுகிறது. வயலினை எடுத்துவிட்டு அந்த மூடியின் சத்தத்தை மட்டும் விட்டால் பல வீடியோக்கள் இன்னும் வலுவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, சொற்களுக்கு வருகிறேன். அகவொலி என்றால் மனத்துக்குள் கேட்கும் குரல் என்றே முதலில் தோன்றும். அகமும் புறமும் நம் இலக்கியத்தில் ஏற்கெனவே வேறு பொருளைச் சுமப்பவை. டயஜெசிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கதைசொல்லல் என்று பொருள், அதனால் ‘கதையொலி’ நேரானதுதான். ஆனால் வடசென்னையின் எண்ணூரில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைக் காட்டும் வீடியோவில் கதை எங்கே இருக்கிறது? அது நிஜம். களவொலியில் இன்னொரு சிக்கல். கள + ஒலி என்றாலும் களவு + ஒலி என்றாலும் சேர்த்து எழுதினால் களவொலிதான். திருட்டுத்தனமாகப் பதிவுசெய்த ஒலி என்று யாராவது படித்தால் குறை சொல்ல முடியாது.

மேலொலிக்குப் பதிலாக, பிறகு சேர்த்த ஒலி என்ற பொருளில் ‘சேர்ப்பொலி’ என்று சொல்லலாமே என்று தோன்றலாம். அதுவும் வேண்டாம், ஏனென்றால் காட்சியொலியும் பிறகு சேர்த்ததாக இருக்கலாம். திரையரங்குகளில் வரும் புகையிலை எதிர்ப்பு விளம்பரத்தை எல்லோரும் பார்த்திருப்போம். புகையிலைக் காட்சி உள்ள படங்களுக்குத் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 வினாடி விழிப்புணர்வுப் படம் போட வேண்டும் என்ற விதி 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அவற்றில் ஒன்றில் நுரையீரலுக்குப் பதிலாக ஒரு பஞ்சைப் பிழிவார்கள், கறுப்புத் தார் வழியும். இப்படிப்பட்ட ஒரு காட்சிக்கான சத்தத்தை ஃபோலி கலைஞர் (படத்துக்கேற்ற சத்தங்களைச் செயற்கையாக எழுப்பிப் பதிவுசெய்பவர்) ஸ்டுடியோவில் ஈரத்துணியைப் பிழிந்து தந்தாலும், பார்ப்பவருக்கு அது அந்தப் பஞ்சின் சத்தம்தான். ஆக, அது காட்சியொலி. விளக்கம் சொல்லும் குரல் மேலொலி. ஒலி எங்கே பதிவானது என்பதல்ல, காட்சிக்குள் எதற்குச் சொந்தம் என்பதே அளவுகோல். சினிமாக்காரர்கள் சொல்லும் ஆர்.ஆர். (பின்னணி இசை), எஃபெக்ட்ஸ், டப்பிங் எல்லாம் வேலைப் பிரிவின் பெயர்கள். இந்த வேறுபாட்டை அவை சொல்வதில்லை.

எல்லைக்கோட்டில் நிற்கும் உதாரணமும் ஒன்று வேண்டும். 2017 ஜனவரியில் வந்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’ வீடியோவில் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிய, அமர்ந்து பாடுகிறார். அவர் திரையில் இருக்கும்வரை அது காட்சியொலி. படம் அவரை விட்டு நிலத்துக்குப் போகும்போது அதே பாட்டு மேலொலியாகிவிடுகிறது. வெட்டு தெரிகிறது, ஒலியில் தையல் தெரிவதில்லை. கச்சேரி மேடையில் கேட்டுப் பழகிய குரல் சாம்பல் படிந்த நிலத்தின் குரலாக மாறுவது அந்த நழுவலில்தான். வேறு எந்த வாதமும் அந்த இடத்தில் எனக்குத் தேவைப்படவில்லை.

‘மேலொலி’ உரத்த ஒலியைக் குறிக்காதா என்று கேட்கலாம். மேலாடை, மேலுறை போலத்தான் இதுவும், மேலே போர்த்தியது. வாய்ஸ் ஓவருக்கு ‘மேற்குரல்’ என்பதும் இதே குடும்பத்தில் பொருந்தும். ‘பின்னணி’யை நான் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு: தெருவிரைச்சலும் பின்னணியில்தான் கேட்கிறது, ஆனால் அது காட்சியொலி.

இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றும் முன், ஒலிக்கலவை வேலையில் இருக்கும் நண்பர்கள் இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: “இந்த இடத்தில் மேலொலியைக் குறைங்க, காட்சியொலி வரட்டும்.” நாக்கில் தடுக்கினால் எழுதுங்கள், வேறு தேடுவோம்.