ஃப்ரீசருக்கு டீசல் தேடின கதை

(ஆராய்ச்சி நிலையங்களில் வேலை செய்த மூன்று பேர் பகிர்ந்த அனுபவங்கள்)

வெள்ளவத்தை மிஸ்:
கொழும்பில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆறு வருஷம் முகாமையாளராக இருந்தேன். என்ன வேலையென்று அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "ஆராய்ச்சி செய்யிறியோ?" இல்லை அம்மா. "அப்ப கிளார்க்கோ?" அதுவுமில்லை.

2022 மார்ச் கடைசிக் கிழமை, இலங்கையின் பொருளாதார நெருக்கடி நேரம். மின்வெட்டு நாளுக்கு நாள் கூடி, 31ஆம் திகதி 13 மணித்தியாலமானது. எங்கட மைனஸ் 80 பாகை ஃப்ரீசருக்குள் நாலு வருஷம் ஓடியோடிச் சேர்த்த இரத்த மாதிரிகள். இடையில் கறண்ட் வந்தாலும் பழைய குளிருக்கு இறங்க முன்னமே திரும்பப் போய்விடும். ஜெனரேட்டர் இருந்தது, டீசல்தான் இல்லை.

31க்கு மூன்று நாள் இருக்க, பதிவாளரிடம் சீல் குத்திய சிங்களக் கடிதம் வாங்கிக்கொண்டு பம்பலப்பிட்டியில் ஒரு பெற்றோல் செட்டுக்குப் போனேன். கானுக்கு ஊற்ற மாட்டோம் என்றார்கள். காவலுக்கு நின்ற ஆமிப் பெடியன் கடிதத்தை ரெண்டு தரம் வாசித்துவிட்டு, "இந்த இரத்தத்தை என்ன மிஸ் செய்யிறது, விக்கிறதோ?" என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என்ன நினைத்தானோ, 20 லீற்றர் ஊற்றச் சொன்னான்.

ஓட்டோக்காரர் மணக்குது என்று ஏற்றவில்லை. ஆய்வுகூட உதவியாளர் அண்ணையும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடந்தோம்.

டீசலை மிச்சம் பிடிக்க, ஃப்ரீசர் கதவில் மூன்று மொழியிலும் "திறக்க வேண்டாம்" ஒட்டினேன். மறுநாளே ஒரு முதுகலை மாணவன் வந்து நிற்கிறான். "ஒரே ஒரு டியூப் மிஸ்." கதவுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். லீவுப் படிவங்கள் எல்லாம் அந்தக் கதிரையில் வைத்துத்தான் கையெழுத்தானது.

அந்த வருஷக் கணக்காய்வில் ஒரு வினா வந்தது: டீசல் கொள்வனவுக்கு மூன்று விலைமனு எங்கே? ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதிக் குடுத்தேன்.

கணக்குப்பிள்ளை:
எங்கட நிலையத்தில் பிரச்சினை டொலர், மிஸ். டொலர் 200 ரூபாயாக இருக்கேக்க போட்ட பட்ஜெட். மே மாதம் 360. முந்தி 30 நாள் செல்லுபடியாகும் விலைமனுவில் "இன்று மட்டும்" என்று அடித்துத் தந்தார்கள். எங்கட கொள்வனவுக் குழுவோ ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் கூடும். பேராசிரியர் தினமும் வந்து "பரிசோதனைக் கிட் வந்ததோ?" என்பார். காசு இருக்கு சேர், சாமானின் விலைதான் ஓடிவிட்டது என்பேன். அவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
நான் முகாமையாளர் இல்லை, எங்கட முகாமையாளர் மிஸ்ஸுக்குக் கீழ் களவேலை. சம்மதப் படிவத்தை வீடு வீடாக வாசித்துக் காட்டவேணும். எங்கட பக்கத்து அக்கா ஒருவர், "உங்களிடமிருந்து உயிரியல் மாதிரி பெறப்படும்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "தம்பி, மாதிரின்னா எத மாதிரி?"

என்னிடம் பதில் இல்லை. திரும்பிப் போய் மிஸ்ஸிடம் சொன்னேன். அவ சிரித்துவிட்டு, "உங்கள் கையிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு இரத்தம் எடுப்போம்" என்று மாற்றினா. ஆனால் படிவத்தில் ஒரு சொல் மாறினாலும், ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு மறுபடி போகவேணும். அது திரும்பி வருமட்டும் களவேலை நின்றது. அந்த அக்கா என்னைச் சந்தியில் கண்டு, "என்னாச்சு தம்பி, இரத்தம் வேணாமா?" என்று கேட்டதுதான் கொடுமை. மொழிபெயர்ப்புக்குக் காசு ஒதுக்கச் சொல்லி மிஸ் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பா. தமிழ்தானே, ஆராவது பார்ப்பினம் என்பதுதான் பதில்.

கணக்குப்பிள்ளை:
மிஸ், ஃப்ரீசர் தப்பினதோ, சொல்லவேயில்லையே?

வெள்ளவத்தை மிஸ்:
தப்பினது. மைனஸ் 61 வரை ஏறி இறங்கிச்சு. கதிரையும் அங்கதான் கிடக்காம். இப்ப அதில பிரிண்டரை வைச்சிருக்கினமாம்.