க்ரிஃபித் ஆப் கனன்: தாத்தா கொடுத்த உரிமையா, தாய் கொடுத்த கப்பலா?

கல்வெட்டுக்காரன்:
இடைக்கால வேல்ஸ் என்றதும் எல்லாரும் கடைசி லுவெலினுக்கும் ஓவைன் க்ளின்டூருக்கும் ஓடிவிடுகிறார்கள். எனக்கு அவர்களைவிடப் பெரியவன் க்ரிஃபித் ஆப் கனன். ('ஆப்' என்றால் 'மகன்', கனனின் மகன் க்ரிஃபித்.) வட வேல்ஸில் இருந்த க்வினெத் நாட்டின் அரசன். 1137-ல் இறந்தபோது வயது 82 என்கிறது அவன் வாழ்க்கை வரலாறு. இடைக்கால வேல்ஸ் அரசர்களில் அப்படித் தனியாக ஒரு வாழ்க்கை வரலாறு கிடைத்திருப்பது இவன் ஒருவனுக்குத்தான்.

என் வாதம் இது. அவன் ஜெயித்ததற்கு அடிப்படை பரம்பரை உரிமை. தாத்தா யாகோ 1023 முதல் 1039 வரை க்வினெத்தை ஆண்டவர். அவருக்கு மேலே போனால் ஒன்பதாம் நூற்றாண்டின் ரோத்ரி மௌர், அதாவது 'பெரிய ரோத்ரி'. யாகோவுக்குப் பிறகு அரியணையில் ஏறிய க்ரிஃபித் ஆப் லுவெலின், அடுத்து ப்ளெதின், அடுத்து ட்ரஹயர்ன், ஒருவரும் ரோத்ரியின் நேர் ஆண்வழியில் வந்தவர்கள் இல்லை. 36 ஆண்டுகள் கைமாறிக் கிடந்த வீட்டுக்கு உரியவன் திரும்பி வந்தான். மறுப்பவர்கள் சான்றோடு வாருங்கள்.

அலைமகள்:
மறுக்கிறேன் அண்ணா.

அவன் பிறந்தது டப்ளினில். வளர்ந்தது அதற்கு வடக்கே ஸ்வோர்ட்ஸில். தாய் ராக்னெல், டப்ளினின் நார்ஸ் (வைகிங்) அரசன் 'பட்டுத்தாடி' சிட்ரிக்கின் பேத்தி. அப்பா கனன் அகதியாகக் கடல் தாண்டிப் போனவர், க்வினெத்தை அவர் ஒரு நாள்கூட ஆண்டதில்லை. வேல்ஸ் நாளாகமங்களில் இவன் பெயர் எப்படி வருகிறது பாருங்கள்: 'யாகோவின் பேரன் க்ரிஃபித்'. ஆப் கனன் என்று சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது, அதனால்தான் தாத்தா பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது.

பரம்பரை உரிமைதான் ஜெயித்தது என்றால் 1075-ல் நடந்ததற்கு என்ன சொல்வீர்கள்? மெனாய் நீரிணையின் வாயில் இருக்கும் அபெர்மெனாயில் அயர்லாந்துக் கப்பல்களோடு இறங்கினான். ட்ரஹயர்னைத் தோற்கடித்தான். அந்த வருஷமே க்வினெத்தின் லீன் பகுதி மக்கள் எழுந்து, அவர்கள் வீடுகளில் தங்கியிருந்த அவனுடைய ஐரிஷ் வீரர்கள் 52 பேரை இரவில் வெட்டிப் போட்டார்கள். அடுத்து ப்ரோன்-யர்-எர்வில் தோற்றுக் கப்பலேறினான். உரியவன் வீடு திரும்பினான் என்கிறீர்கள். வீட்டுக்காரர்கள் அவனை அந்நியனாகத்தான் பார்த்தார்கள்.

தோற்கும்போதெல்லாம் அவன் ஓடியது அயர்லாந்துக்கு, படை திரட்டியதும் அங்கேதான். அவன் அரசுரிமைக்கு உயிர் கொடுத்தது அம்மா வீட்டுத் துறைமுகம்.

கல்வெட்டுக்காரன்:
கப்பல் அம்மா வழியில் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே போவது என்று அந்தக் கப்பலுக்குச் சொன்னது எது? உன் தகப்பன் யார், உன் பூமி எது, அதில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்தத் தாயே தினமும் மகனிடம் சொல்லி வளர்த்தாள் என்கிறது அவன் வாழ்க்கை வரலாறு. டப்ளின் அரச வீட்டில் பிறந்தவள் மகனை டப்ளின் அரியணைக்கு வளர்க்கவில்லை, க்வினெத்துக்கு வளர்த்தாள்.

இன்னொரு காட்சி. அவன் முதல்முறை வந்தபோது டாங்விஸ்டில் என்ற உறவுக்காரப் பெண் தேடி வந்து, 'நீ அரசனாவாய்' என்று குறி சொல்லி ஒரு சட்டையும் மேலங்கியும் கொடுக்கிறாள். அவை க்ரிஃபித் ஆப் லுவெலினின் அங்கியிலிருந்து தைத்தவை. அவளுடைய கணவன் அந்த அரசனிடம் பொக்கிஷக்காரனாக இருந்தவன். யாகோவுக்குப் பின் நாட்டை எடுத்துக்கொண்டவனின் துணி யாகோவின் பேரன் தோளுக்கு வருகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அலைமகள்:
எனக்கும் பிடித்த இடம் அது. ஆனால் அதுவே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது! ரோத்ரி ரத்தம் மட்டும் போதுமென்றால், ஆண்வழி உரிமை இல்லாதவன் என்று நீங்கள் ஒதுக்குகிறவனின் அங்கி எதற்கு? 1063-ல் கொல்லப்படும் முன் வேல்ஸ் முழுவதையும் ஒரே கையில் வைத்திருந்தவன் அவன். அந்த நினைவு மக்களிடம் உயிரோடு இருந்தது. அதனால்தான் கதை எழுதியவர் அந்தத் துணியை இவனுக்குப் போர்த்துகிறார்.

அந்த வாழ்க்கை வரலாற்றை எழுதியது எப்போது என்பதையும் பார்க்க வேண்டும். இவன் இறந்த பிறகு, மகன் ஓவைன் க்வினெத் ஆளும் காலத்தில், லத்தீனில். வெகுகாலம் வேல்ஷ் மொழிபெயர்ப்பு மட்டுமே கையில் இருந்தது. லத்தீன் மூலம் தொலைந்ததென்றே நினைத்திருந்தார்கள். பெனியார்த் சுவடித் தொகுப்பில் இருந்த ஒரு பிரதியிலிருந்து அதை மீட்டு 2005-ல் பதிப்பித்தவர் பால் ரஸ்ஸல். அதில் வம்சாவளி அப்பா வழியில் ஆதாம் வரை போகிறது. அம்மா வழியில் நார்வேயின் ஹெரால்ட் அழகுமுடியனையும் நார்மண்டியை நிறுவிய ரோலோவையும் தொடுகிறது. அதாவது இங்கிலாந்தை ஆண்ட நார்மன் அரசர்களுக்கே இவன் சொந்தக்காரன். ஓவைனுக்கு அப்போது அது எவ்வளவு தேவையான சொந்தம்! மகனுக்காகக் கட்டிய வம்சாவளியை அப்பனின் வெற்றிக்குக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

கல்வெட்டுக்காரன்:
இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. ரோலோ வரை போகும் கிளையை நானும் நம்பவில்லை. யாகோவின் பேரன் என்பது மட்டும் உறுதி, அதற்கு நாளாகமமே சாட்சி.

நெய்தல்நிலவன்:
இருவரும் பிறப்பையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ஆட்சியைப் பேசுங்கள். எனக்கு இந்த மனிதன்மேல் தீராத வருத்தம் உண்டு.

1081-ல் மனித் கார்ன் போரில் ட்ரஹயர்னை வீழ்த்தினான். தோளோடு தோள் நின்றவன் தெற்கு வேல்ஸ் அரசன் ரீஸ் ஆப் ட்யூடர். அந்த ரீஸ் 1093-ல் நார்மன்களிடம் உயிரை விட்டான். அவன் மகன் க்ரிஃபித் ஆப் ரீஸ், அயர்லாந்தில் அகதியாக வளர்ந்து, 1115-ல் அடைக்கலம் கேட்டு நம் ஆளிடம் வருகிறான். தன்னைப் போலவே தகப்பன் நாட்டை இழந்து கடல் தாண்டி வளர்ந்த பிள்ளை. இங்கிலாந்தின் முதலாம் ஹென்றி கூப்பிட்டுப் பேசியதும், பிடித்துக் கொடுக்கிறேன் என்று இவன் வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறான்!

பையனுக்குச் சேதி எட்டி அபெர்டாரோன் தேவாலயத்துக்குள் ஓடிவிட்டான். அங்கிருந்து இழுத்து வர இவன் ஆள் அனுப்பினான். நாட்டின் குருமார்கள் குறுக்கே நின்று தடுத்தார்கள்.

அபெர்டாரோன் எது தெரியுமா? நார்மன்கள் துரத்திய நாளில் இதே க்ரிஃபித் வந்து நின்ற துறை. அந்தத் தேவாலயத்துக் குருமாரின் படகில் ஏறித்தான் துடுப்புப் போட்டு அயர்லாந்து போய்ச் சேர்ந்தான். அதே கோயில் வாசலுக்கு, தன்னோடு போரில் நின்றவனின் மகனைப் பிடிக்க ஆள் அனுப்புகிறான். அடைக்கலம் புகுந்தவனைக் காட்டிக் கொடுப்பவனை எந்த நியாயத்தில் பெரியவன் என்பது?

கல்வெட்டுக்காரன்:
ஐயா, இந்தக் கேள்வியை நான் பல வருஷம் சுமந்திருக்கிறேன். பூசி மெழுகப் போவதில்லை, அது தவறுதான். ஆனால் அந்த நேரத்தில் அவன் நின்ற இடத்தையும் பாருங்கள்.

மனித் கார்னில் ஜெயித்த சூட்டிலேயே அவனை ரீக் என்ற ஊருக்கு நயவஞ்சகமாக வரவழைத்து நார்மன்கள் பிடித்தார்கள். அழைத்துப் போனவன் அவனுடைய ஆளே, மெய்ரியோன் கோக். உடன் வந்த ஐரிஷ் காலாட்கள் ஒவ்வொருவனுக்கும் வலது கைக் கட்டைவிரலை வெட்டி அனுப்பினார்கள். இனி அவர்கள் வில்லையோ வேலையோ எப்படிப் பிடிப்பார்கள்? செஸ்டர் சிறையில் இவனுக்குப் பன்னிரண்டு ஆண்டு. கடைசியில் கன்ரிக் என்ற நெட்டையன் சாமான் வாங்க வந்தவன்போலச் செஸ்டருக்கு வருகிறான். ஊர்க்காரர்கள் சாப்பாட்டில் இருக்கிறார்கள், அரசன் சந்தைத் திடலில் விலங்கோடு கிடக்கிறான். முதுகில் தூக்கிக்கொண்டு வெளியேறினான் கன்ரிக்.

1094-ல் ஆங்கிள்சி தீவின் அபெர்லெய்னியோக் கோட்டையைப் பிடித்தார்கள். 1098-ல் திரும்ப எல்லாம் போயிற்று: கூலிக்கு அமர்த்திய டேனிஷ் கப்பற்படையே விலைபோனது, இவன் மறுபடி அயர்லாந்துக்கு. அந்தச் சமயம் நார்வே அரசன் மாக்னஸ் தன் கப்பல்களோடு வந்து சேர்ந்ததும், ஷ்ரூஸ்பரி பிரபு ஹ்யூ அம்பு பட்டுச் செத்ததும் இவன் கையில் இல்லாத அதிர்ஷ்டம். 1099-ல் திரும்பியவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த நாட்டின்மீது 1114-ல் ஹென்றி மூன்று படைகளோடு வந்தான். மண்டியிட்டு, பெருந்தொகை கட்டி, நாட்டைக் காப்பாற்றினான். அடுத்த வருஷம் வருகிறான் அந்தப் பையன். வைத்துக்கொண்டால் படை திரும்ப வரும். அறுபதை எட்டிய மனிதன், நான்கு முறை எல்லாவற்றையும் இழந்தவன்.

நெய்தல்நிலவன்:
இக்கட்டு புரிகிறது. 'தம்பி, இங்கே வைத்துக்கொள்ள முடியாது, இரவோடு இரவாகப் போய்விடு' என்று சொல்லியிருக்கலாமே. படகு கொடுத்திருக்கலாம், அவனுக்கு ஒரு காலத்தில் கிடைத்ததுபோல.

அலைமகள்:
நெய்தல்நிலவன் சொல்வதோடு நிற்கிறேன். ஆனால் முடிவு அதுவல்ல. அந்தப் பையனையே பிற்பாடு மணந்தாள் இவன் மகள் க்வென்லியன். 1136-ல் கணவன் உதவி கேட்டு வடக்கே அப்பா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், தானே படை நடத்தித் தென் வேல்ஸின் கிட்வெலிக்கருகே உயிர்விட்டாள். அந்த வயல் இன்றும் அவள் பெயரில் இருக்கிறது: மைஸ் க்வென்லியன். அதே வருஷம் அவள் அண்ணன் தம்பிகள் ஓவைனும் கட்வாலடரும் தெற்கே இறங்கி மேற்கு வேல்ஸின் கெரெதிகியோனை நார்மன்களிடமிருந்து பிடித்தார்கள். அப்பா இருபது வருஷம் அமைதி காத்துச் சேர்த்த பலம் இல்லாமல் அது நடந்திருக்காது, அதை நான் மறுக்கவில்லை.

கல்வெட்டுக்காரன் அண்ணா, உங்கள் ரோத்ரிக்கே வருகிறேன். ரோத்ரியின் அப்பா மெர்வின் 825-ல் க்வினெத் அரசனானது பெண்வழி உறவால். அவரும் வெளியிலிருந்து வந்தவர்தான். நேர் ஆண்வழி என்று நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கயிற்றின் நுனி ஒரு பெண் கையில் இருக்கிறது.

கல்வெட்டுக்காரன்:
இதை நான் யோசிக்கவில்லை. 'ஆண்வழி' என்று முதல் பதிவில் எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். 'யாகோவின் பேரன்' என்பதை விடமாட்டேன்.

ஆட்சியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவனுடைய கடைசிக் காலத்தில் மக்கள் பழத்தோட்டம் வைத்தார்கள், அதைச் சுற்றி வேலியும் அகழியும் அமைத்தார்கள் என்கிறது வாழ்க்கை வரலாறு. சுண்ணாம்பு பூசிய தேவாலயங்கள் க்வினெத் முழுக்க வானத்து நட்சத்திரம்போல மின்னின என்றும் எழுதுகிறது. புகழ்ச்சி கலந்த எழுத்துதான். ஆனாலும் பழமரம் நடுகிறவனுக்கு அடுத்த சில வருஷம் ஊர் எரியாது என்ற நம்பிக்கை வேண்டும். 1075-லோ 1098-லோ அங்கே யாரும் ஆப்பிள் கன்று நட்டிருக்க மாட்டார்கள்.

அலைமகள்:
அப்படியானால் அவன் உயிலையும் சேர்த்துப் படியுங்கள். கண் தெரியாமல் போன கிழவன் யார் யாருக்கு என்ன கொடுத்தான் என்று இருக்கிறது. பேங்கர் தேவாலயத்துக்குக் கொடுத்தான், அங்கேதான் அடக்கமும் ஆனான். டப்ளினின் கிறிஸ்து தேவாலயத்துக்கும் 20 ஷில்லிங் கொடுத்தான். ஆண்ட ஊரோடு பிறந்த ஊரையும் மறக்கவில்லை.

மனைவி அங்காரத்துக்குச் சொத்தோடு சேர்த்து ஒரு வருமானமும் எழுதி வைத்தான்: அபெர்மெனாய் துறைமுகத்தின் வரும்படி. 1075-ல் அவன் கப்பல் வந்து நின்ற அதே துறை.